எழுத்தின் அடியில் ஓர் எண்

அப்பாஸியர் ஆட்சியில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (கி.பி. 809-873) கிரேக்க மருத்துவ நூல்களை அரபியில் பெயர்த்தோருள் தலையாயவர். அவர் பெயர்த்துக் கொணர்ந்த நூல்களை கலீஃபா மஃமூன் தராசில் வைத்து எடைக்கு எடை பொன் வழங்கினார் என்பது அரபு இலக்கிய மாணவர் பலரும் கேட்டறிந்த செய்தி. அச்செய்தியின் பின்பகுதியை அத்துணைப் பேர் அறிந்திலர். மருத்துவர்களின் வரலாற்றைத் தொகுத்த இப்னு அபீ உஸைபிஆ (மறைவு கி.பி. 1270), ஹுனைனின் எழுத்தரான அஸ்ரக் என்பார் படியெடுத்த பிரதிகள் பலவற்றைத் தாமே கண்டதாகவும், அவற்றுள் சில தம்மிடம் இருந்ததாகவும் எழுதுகிறார். எழுத்துகள் பெரியவை, கோடுகள் தடித்தவை, வரிகளுக்கிடையே இடைவெளி மிகுதி, தாளோ வழக்கமான தாளினும் மூன்று நான்கு மடங்கு கனம். நூலின் பருமனையும் எடையையும் கூட்டுவதே ஹுனைனின் நோக்கம், ஏனெனில் கூலி எடையைக் கொண்டு அளக்கப்பட்டது என்று அவரே காரணமும் கூறிவிடுகிறார். அத்தாளின் கனத்தினாலேயே அந்நூல்கள் இவ்வளவு நெடுங்காலம் அழியாதிருந்தன என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

மஃமூன் மறைந்த கி.பி. 833இல் ஹுனைனுக்கு வயது இருபத்து நான்கே. ஆதலின் எடைக்கு எடை பொன் என்பதில் மிகை கலந்திருக்கக்கூடும். கனத்த தாளைப் பற்றிய செய்தி அத்தகையதன்று. கண்டவர் எழுதியது அது. இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. ஜாலீனூஸ் (கேலன்) இயற்றிய நிரூபணம் பற்றிய ஒரு நூலின் கிரேக்க மூலத்தைத் தேடி இதே ஹுனைன் இராக், ஷாம், ஃபலஸ்தீன், மிஸ்ர் நாடுகளில் அலைந்து அலெக்சாந்திரியா வரை சென்று, இறுதியில் திமஷ்கில் ஏறத்தாழப் பாதியை மட்டும் கண்டெடுத்தார். தராசு அவருடைய தாளைத் தடிப்பாக்கியதே தவிர, அவருடைய மொழிபெயர்ப்பைக் கெடுக்கவில்லை.

இச்செய்தியை நாம் மீண்டும் எண்ணிப் பார்க்கும்படி செய்தவர் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இயற்றப்பட்ட அரபுத் தமிழ் நூல்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் தொடர்கட்டுரை எழுதிவந்தார். எழுதுவோருக்குக் கிரிப்டோ நாணயத்தில் பரிசு தரும் சமூக ஊடகத் தளங்களுள் ஒன்றில் 2017இன் இறுதியில் அதை வெளியிடத் தொடங்கினார். ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே அது ஈட்டிய தொகை டாலரில் தெரியும். மூன்று வார உழைப்பில் எழுதிய முதற்கட்டுரையின் அடியில் சில சென்ட். ஓய்வுநேரத்தில் நாணய விலையின் போக்கைப் பற்றி எழுதிய ஒரு குறிப்பின் அடியில் அறுபது டாலருக்கு மேல். அரபுத் தமிழ்த் தொடர் நான்காம் கட்டுரையோடு நின்றது. "காசுக்காக நிறுத்தவில்லை ஹஸ்ரத். அந்த எண்ணை என் வாப்பா பார்த்தார், நண்பர்கள் பார்த்தார்கள்" என்று அவர் சொன்னது நம் மனத்தில் தைத்தது. காசு கிடைக்காமை அவரை வருத்தவில்லை. கிடைக்காமை பிறருக்குத் தெரிந்ததே வருத்தியது. இவ்விரண்டும் வேறுவேறு நோய்கள்.

ஸ்டீமிட் கண்ட நான்கு ஆண்டுகள்

இவ்வகைத் தளங்களுள் முன்னோடி ஸ்டீமிட். நெட் ஸ்காட், டேனியல் லாரிமர் ஆகிய இருவரும் தோற்றுவித்தது. அதன் அடித்தளமான ஸ்டீம் என்னும் பிளாக்செயின் 2016 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. எழுத்தாளர்களுக்கு முதற்பரிசு அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் பகிர்ந்தளிக்கப்பட்டது. பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் மக்களின் எழுத்தைக் கொண்டு விளம்பரப் பணம் ஈட்டுகின்றன, எழுதியவருக்கோ ஒன்றுமில்லை; அந்த அநீதியை நீக்குவோம் என்பதே நிறுவியோரின் வாக்குறுதி. வாக்குறுதியில் நியாயம் இல்லாமலில்லை. நாள்தோறும் புதிய நாணயங்கள் பிறக்கும். அவற்றின் ஒரு பகுதி வாசகர் வாக்குகளின்படி எழுதியோருக்கும் வாக்களித்தோருக்கும் பகிரப்படும். எழுதியவருக்கு முக்கால் பங்கு, வாக்களித்தோருக்குக் கால் பங்கு. கிரிப்டோ நாணயம் மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்னும் ஃபிக்ஹு விவாதம் இக்கட்டுரையின் பொருளன்று. அதனை முஃப்திகளிடம் விட்டுவிடுவோம்.

வாக்கின் கனம் ஆளுக்கு ஒன்றாக இருக்கவில்லை. அவரவர் முடக்கி வைத்திருந்த நாணயத்தைப் பொறுத்தது. தொடக்க விதிப்படி அதன் விளைவு இருபடியாகப் பெருகும்: பத்து மடங்கு நாணயம் உடையவரின் வாக்கு நூறு மடங்கு பரிசை ஈர்க்கும். 2017 ஜூனில்தான் இவ்விதி மாற்றப்பட்டது. பெருஞ்செல்வரைத் திமிங்கிலங்கள் என்றும், எளியவரைச் சிறுமீன்கள் என்றும் அத்தளத்தாரே அழைத்துக்கொண்டனர். ஒரு திமிங்கிலம் வந்து போனால் கட்டுரையின் அடியில் நூறு டாலர் தோன்றும். ஆயிரம் சிறுமீன்கள் படித்து மகிழ்ந்தாலும் சில சென்ட்டே தோன்றும். படித்தவர் எத்தனை பேர் என்பதையோ, படித்தவருக்கு என்ன பயன் என்பதையோ அவ்வெண் சொல்லவில்லை. எனினும் தகுதிக்கு இடப்பட்ட மதிப்பெண் போலவே எல்லாரும் அதனைப் படித்தனர்.

கட்டுரை வெளியான ஏழு நாள்களுக்குள் விழும் வாக்குக்கே பரிசு என்பது 2017இல் நிலைபெற்ற விதி. எட்டாம் நாள் ஒருவர் அக்கட்டுரையைக் கண்டு கண்ணீர் மல்கினாலும் எழுதியவருக்கு அதனால் ஒரு சென்ட்டும் இல்லை. ஏழு நாள்களும் எண் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. நாணயச் சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். உறங்கச் செல்கையில் பன்னிரண்டாக இருந்தது ஃபஜ்ருக்கு எழுகையில் ஏழாக இருக்கும். எழுத்தில் ஓர் எழுத்தும் மாறியிராது. இத்தகைய எண்ணைத் தம் எழுத்தின் அடியில் வைத்திருப்பவர் அதனைப் பாராமல் எங்ஙனம் இருப்பார்?

தளத்தின் முதன்மைப் பட்டியலும் பரிசுத் தொகையின் வரிசையில் அமைந்தது. புதிதாக வருவோர் முதலில் காண்பது எந்த எழுத்து நன்று என்பதையன்று, எதற்கு எவ்வளவு கிடைத்தது என்பதையே. 2016 ஜூலையில் சில அறிமுகப் பதிவுகளின் அடியில் ஆயிரக்கணக்கான டாலர்கள் தோன்றின. உடனே அறிமுகப் பதிவுகள் வெள்ளமாய்ப் பெருகின. திமிங்கிலங்களின் அக்கறை தம் நாணயத்தின் எதிர்காலத்தில் இருந்தமையால், அத்தளத்தைப் பற்றிய எழுத்துகளே அத்தளத்தில் செழித்தன. கவிஞரும் சமையற்கலைஞரும் பயணியும் சிறிது காலத்தில் ஸ்டீமிட்டைப் பற்றி எழுதலாயினர்.

மன்சூர் நமரீ செய்த தேர்வு

இதனைக் கணினி யுகத்தின் புதுமை என்று கருதுவோர் அரபு இலக்கிய வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்னு ரஷீக் கைரவானீ, கவிதைக் கலை குறித்த தம் 'உம்தா'வில் கவிதையால் பொருளீட்டுதலுக்கும் அதனை இழிவெனக் கருதி ஒதுங்குதலுக்கும் தனியொரு பாடமே ஒதுக்கியுள்ளார். அறியாமைக் காலத்து அரபியர் நாபிகா துப்யானீ வரும்வரை கவிதையை வருவாய்க்கு வழியாக்கவில்லை என்றும், அஃஷாவே அதனை முழு வாணிபமாக்கினார் என்றும் அவர் குறிப்பிடுகிறார். நாபிகாவின் பெருமை அதனால் குறைந்தது என்பது அவர் கருத்து.

ஸுஹைர் இப்னு அபீ ஸுல்மாவின் வரலாறு இதற்கு நேர்மாறானது. நெடும்போர் ஒன்றை நிறுத்திச் சமாதானம் கண்ட ஹரிம் இப்னு ஸினானை அவர் பாடினார். ஸுஹைர் தம்மைப் புகழ்ந்தாலும், தம்மிடம் கேட்டாலும், வெறுமனே ஸலாம் சொன்னாலும் ஒரு கொடை அளிப்பேன் என்று ஹரிம் சூளுரைத்துவிட்டார். ஸுஹைருக்கு நாணமாகப் போயிற்று. அதன்பின் ஹரிம் இருக்கும் சபைக்குள் நுழைகையில், ஹரிமைத் தவிர மற்ற அனைவருக்கும் காலை வணக்கம், உங்களுள் சிறந்தவரையே நான் விலக்கியுள்ளேன் என்னும் பொருள்பட வாழ்த்துவாராம். தம் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விலை தொங்குவதைச் சபை முழுவதும் அறிந்திருந்தது. அந்த விலையிலிருந்து தம் வாழ்த்தையேனும் மீட்டுக்கொள்ள அவர் கண்ட வழி அது. பிற்காலத்தில் ஹரிமின் வழித்தோன்றல் ஒருவரிடம் உமர் (ரலி) அவர்கள், நீங்கள் ஸுஹைருக்குக் கொடுத்தது போய்விட்டது, அவர் உங்களுக்குக் கொடுத்தது நிலைத்திருக்கிறது என்னும் கருத்தைக் கூறியதாகவும் அறிவிப்பு உண்டு.

அந்த ஸுஹைரின் மகனே கஃபு (ரலி). நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருமுன் கவிதை பாடிப் போர்வையைப் பரிசாகப் பெற்றவர். அப்போர்வைக்கு முஆவியா (ரலி) பத்தாயிரம் திர்ஹம் தர முன்வந்தபோது கஃபு மறுத்தார் என்றும், அவர் மறைந்தபின் வாரிசுகளிடமிருந்து இருபதாயிரத்துக்கு அது வாங்கப்பட்டது என்றும் வரலாற்றாசிரியர் எழுதுவர். பெற்றவரின் வாழ்நாளில் அதற்கு எண் இல்லை.

கலீஃபா மஹ்தீயின் காலத்துக்கு (கி.பி. 775-785) வருவோம். மர்வான் இப்னு அபீ ஹஃப்ஸா என்னும் கவிஞர் ஓராண்டு அவையிலிருந்து துரத்தப்பட்டார். வள்ளல் மஃன் இறந்ததோடு கொடையே போய்விட்டது என்று அவர் முன்னர் இரங்கற்பா பாடியிருந்தார். அப்படியாயின் எம்மிடம் ஏன் வந்தீர் என்பது கலீஃபாவின் சினம். மறுஆண்டு அவர் வேறொரு கவிதையோடு வந்தார். நபி (ஸல்) அவர்களின் வாரிசுரிமை சிறிய தந்தையாரின் மக்களாகிய அப்பாஸியருக்கே உரியது, மகள் வயிற்றுப் பேரர்களின் வழியினருக்கு உரியதன்று என்பது அதன் சாரம். மஹ்தீ மகிழ்ச்சி மிகுதியால் தொழுகை விரிப்பிலிருந்தே முன்னோக்கி நகர்ந்து வந்தார். எத்தனை அடிகள் என்று கேட்டார். நூறு என்றார் கவிஞர். நூறாயிரம் திர்ஹம் கொடுக்குமாறு ஆணையிட்டார். அப்பாஸியர் ஆட்சியில் ஒரு கவிஞருக்கு வழங்கப்பட்ட முதல் நூறாயிரம் அதுவே என்று பதிவாகியுள்ளது. அடிக்கு ஆயிரம்! அன்று அவையில் இருந்த கவிஞர் அனைவர் செவியிலும் அவ்வெண் விழுந்தது.

நமக்கு வேண்டிய செய்தி மர்வானைப் பற்றியதன்று. அடுத்த தலைமுறையில் ஹாரூன் ரஷீதின் அவைக்கு வந்த மன்சூர் நமரீ என்பாரைப் பற்றியது. அவர் உள்ளத்தில் அலீ (ரலி) அவர்களின் வழியினர்மீது பற்றுடையவர். எனினும் பரிசில்களில் மர்வான் மற்றவரைவிட உயர்த்தப்படுவதைக் கேள்வியுற்று, அவ்வழியினரின் உரிமையை மறுத்துப் பாடும் மர்வானின் பாதையையே தாமும் மேற்கொண்டார் என்று 'கிதாபுல் அகானீ' கூறுகிறது. வீட்டில் ஒரு கவிதை, அவையில் ஒரு கவிதை. மறைவான கவிதைகள் பின்னர் ரஷீதின் காதுக்கு எட்டியபோது கவிஞரைக் கொல்லுமாறு ஆணை பிறந்ததாம். ஆணை சென்று சேர்வதற்குள் அவர் இயற்கை எய்திவிட்டார்.

மன்சூரை யாரும் வற்புறுத்தவில்லை. அவருக்கு யாரும் முன்பணம் கொடுக்கவில்லை. இன்னொருவருக்குக் கிடைத்த தொகை அவருக்குத் தெரிந்தது; அவ்வளவே. வெளியே தெரியும் வருவாய், பெற்றவரைவிடப் பார்த்திருந்தவரையே மிகுதியாக மாற்றுகிறது என்பது நம் கருத்து. மர்வான் தாம் நம்பியதையே பாடியிருக்கலாம்; மன்சூர்தான் பாதை மாறினார். ஸ்டீமிட்டிலும் பெருந்தொகை பெற்றவர் சிலரே. அத்தொகையைப் பட்டியலின் உச்சியில் பார்த்துத் தம் பொருளையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களே பலர். நம் மாணவரும் அவர்களுள் ஒருவராகும் நிலைக்கு வந்துவிட்டார்.

நேர்மையின் பொருட்டு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அகானீ முதலிய நம் அதபு நூல்களிலும் கவிதைக்குப் பக்கத்தில் பரிசுத் தொகை எழுதப்பட்டே இருக்கிறது. நாமும் மாணவருக்குப் பாடம் நடத்துகையில் இக்கவிதைக்கு இத்தனை ஆயிரம் என்று சொல்லி வியக்க வைக்கத் தவறுவதில்லை.

வாக்கு வாடகையும் எதிர்வாக்கும்

ஸ்டீமிட்டில் இத்தேர்வு இன்னும் எளிதாயிற்று. பட்டியலின் உச்சியில் நிற்பதே வாசகரை ஈர்க்கும் வழியாகிவிட்டமையால், உச்சியில் இடம் விற்பனைக்கு வந்தது. 2017, 2018 ஆண்டுகளில் வாக்கு வாடகைக்குக் கிடைத்தது: நாணயத்தைத் தானியங்கிக் கணக்கு ஒன்றுக்கு அனுப்பினால் அது வந்து வாக்களித்துச் செல்லும். கட்டுரையின் அடியில் தெரிந்த நூறு டாலரில் பெரும்பங்கு எழுதியவரே கொடுத்து வாங்கியதாக இருக்கும். தமக்குத் தாமே பொன்னாடை வாங்கிக் கொடுத்துப் போர்த்தச் செய்யும் விழாக்கள் நம்மூரிலும் உண்டு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, அத்தளத்தில் நிகழ்ந்த நாணயப் பரிமாற்றங்களில் 16 விழுக்காட்டுக்கு மேல் தானியங்கிகள் எனச் சந்தேகிக்கப்படும் கணக்குகளுக்குச் சென்றதாகக் கண்டது.

வாசகரின் நிலையும் மாறியது. பிறர் எழுத்துக்கு எதிர்வாக்கிட்டு அதன் பரிசைக் குறைக்கவும் வழி இருந்தது. எதிர்வாக்கிடுவதற்கு உரிய காரணங்களாக அத்தளமே காட்டியவற்றுள், எழுத்துத் திருட்டு, வெறுப்புப் பேச்சு ஆகியவற்றோடு, பரிசுத் தொகையில் உடன்பாடின்மை என்பதும் ஒன்று. எழுத்தில் குறையில்லை, ஆனால் இத்தொகை இதற்கு அதிகம் என்று கருதினால் அதுவே போதும். எண் மறைவாக இருந்திருந்தால் அந்த வாசகர் படித்துவிட்டுச் சென்றிருப்பார். எண்ணைப் பார்த்ததால் அவர் கணக்கரானார். ஹஸது என்னும் பொறாமைக்கு ஒரு பொத்தானும் கிடைத்தது.

2018 ஜனவரியில் ஸ்டீம் நாணயம் ஒன்றின் விலை 7 டாலரைக் கடந்தது. ஆண்டிறுதியில் அரை டாலருக்கும் கீழே கிடந்தது. அந்த நவம்பரில் நிறுவனம் தன் பணியாளருள் எழுபது விழுக்காட்டினருக்கு மேல் நீக்கியது. 2019 ஆகஸ்டில் வாக்களிப்போரின் பங்கு பாதியாக உயர்த்தப்பட்டது. எதிர்வாக்கு செலவின்றி இடவும் வழி செய்யப்பட்டது. 2020 பிப்ரவரியில் ட்ரான் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். அவருக்கும் பழைய பயனருக்கும் இடையே ஆதிக்கப் போட்டி மூண்டு, மார்ச் 20ஆம் நாள் ஒரு சாரார் ஹைவ் என்னும் தனிச் சங்கிலியாகப் பிரிந்து சென்றனர். பிரிந்தவர்கள் பலவற்றை மாற்றினர். எழுத்தின் அடியில் தெரியும் எண்ணை மட்டும் உடன் கொண்டு சென்றனர்.

அதற்குப் பின் வந்தவை இன்னும் ஒரு படி மேலே சென்றன. 2021இல் தோன்றிய பிட்கிளவுட் எழுத்துக்கு மாறாக எழுதும் ஆளுக்கே ஒரு நாணயத்தை உண்டாக்கி, அவர் பெயரின் பக்கத்தில் அதன் சந்தை விலையைக் காட்டியது. ட்விட்டர் தளத்துப் பிரபலர் ஆயிரக்கணக்கானோரின் பக்கங்களை அவர்தம் இசைவின்றியே அவ்வாறு விலையிட்டு வைத்தது. 2023இல் வந்த ஃபிரெண்ட்.டெக்கும் அவ்வாறே ஆளுக்கு விலை காட்டி ஓராண்டு ஓடி அடங்கியது.

கோடிட்ட எண்

கூலி பெறுவதையே நாம் குறை கூறுவதாக யாரும் கொள்ளலாகாது. நாமும் சம்பளம் பெற்று ஓதிக்கொடுப்பவரே. குர்ஆன் கற்பித்தலுக்குக் கூலி கூடாது என்றிருந்த ஹனஃபீ மத்ஹபின் முன்னோர் நிலையைப் பின்வந்த அறிஞர், கல்வி அழிந்துவிடும் என அஞ்சித் தளர்த்தினர். எனினும் அத்தளர்வு எளிதில் வந்துவிடவில்லை. கி.பி. 1067இல் பக்தாதின் நிஜாமிய்யா மதரஸா ஊதியத்தோடும் உதவித்தொகையோடும் திறக்கப்பட்ட செய்தி மாவராஉன்னஹ்ர் நாட்டை எட்டியபோது, அங்கிருந்த உலமாக்கள் கல்விக்காகத் துக்கம் அனுசரித்தனர் என்று ஹாஜி கலீஃபா எழுதுகிறார். இதுவரை உயர்ந்த உள்ளம் படைத்தோர் கல்வியைக் கல்விக்காகவே நாடினர். இனி வருவாய் கருதியோரும் வருவர் என்பது அவர்கள் அச்சம்.

அதே நிஜாமிய்யாவின் தலைமை ஆசிரியராக இருந்த இமாம் கஸ்ஸாலீ (ரஹ்), கி.பி. 1095இல் அப்பதவியைத் துறந்து சென்றார். தம் போதனையின் நோக்கத்தை ஆராய்ந்தபோது அது அல்லாஹ்வுக்காக மட்டும் இருக்கவில்லை, புகழும் பதவியும் அதனை இயக்கின என்று தாமே எழுதிவைத்துள்ளார். இஹ்யாவில் முகத்துதி பற்றிய பாடத்தில் அவர் நுட்பமான ஒன்றைக் காட்டுகிறார். பிறர் காண்பதற்காக ஒரு நற்செயலைச் செய்வது மட்டும் நோயன்று. பிறர் என்ன நினைப்பாரோ என்று அதனை விட்டுவிடுவதும் அந்நோயின் கிளையே. ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) அவர்களின் கூற்றாக வழங்குவதும் இதுவே.

தொடரை நிறுத்திய மாணவரிடம் நாம் இப்பகுதியைத்தான் ஓதிக் காட்டினோம். சில சென்ட் தெரிகிறதே என்று வெட்கி நிறுத்துவது எந்தப் பிரிவில் அடங்கும் என்று கேட்டோம். அவர் விடை சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஐந்தாம் கட்டுரையை வெளியிட்டார். அத்தளத்தில் எழுதுபவர் விரும்பினால் பரிசு வேண்டா என்று முன்னரே அறிவித்துவிடலாம். அவர் அவ்வாறே செய்தார். ஆனால் அப்போதும் எண் மறையவில்லை. வந்திருக்கக்கூடிய தொகையைக் காட்டி, அதன் குறுக்கே ஒரு கோடு இட்டிருந்தது தளம்.

தொடர் ஒன்பது கட்டுரைகளோடு முடிந்தது. ஒன்பதாவது, அச்சேறாத ஒரு கையெழுத்துப் பிரதியைப் பற்றியது, நன்கு அமைந்திருந்தது. கோடிட்ட பிறகு அந்த எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டீரா என்று அவரைக் கேட்டோம்.

"இல்லை ஹஸ்ரத். கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்றார்.